முதிர்ந்த ஒயினை மதிப்பிடுவது எப்படி? ஒரு போர்தோ பாட்டிலை முன்வைத்து

ஒயின் பழசாகப் பழசாகச் சுவை கூடும் என்பதை யாரும் கேள்வியே கேட்காமல் நம்புகிறார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்திராதவர்கள்கூடச் சொல்வார்கள். இதோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் உண்டு: புகையிலை வாசம், தோல்பொருள் வாசம், காளான் வாசம் என்று ஒயின் ரசிகர்கள் எழுதுவதெல்லாம் சும்மா பந்தா என்பது. இரண்டுமே சரியில்லை. உலகில் விற்கும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, பாட்டிலில் அடைத்த சில வருடங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. வைத்திருந்தால் வீணாகும். வைத்திருந்தால் மேம்படுபவை கொஞ்சம்தான். அவையும் முடிவில்லாமல் மேம்பட்டுக்கொண்டே போவதில்லை. மெல்ல ஏறும், சில காலம் உச்சியில் நிற்கும், அப்புறம் இறங்கும். முதிர்ந்த ஒயினை மதிப்பிடுகிறவர் முதலில் தேடுவது, கையில் இருக்கும் பாட்டில் இன்றைக்கு அந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். வாசனைகளுக்குப் பெயர் வைப்பது அதற்கு உதவும் ஒரு சின்ன வேலை.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு ஒயினை எடுத்துக்கொள்வோம்: பிரான்ஸின் போர்தோ பகுதியில், பொயாக் என்ற ஊரில், 1996ஆம் ஆண்டு அறுவடையில் செய்த சிவப்பு ஒயின்.

ஏன் இந்த ஊர், ஏன் இந்தத் திராட்சை

தென்மேற்கு பிரான்ஸில் கரோன், தோர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்து கழிமுகமாகி அட்லாண்டிக்கில் கலக்கின்றன. அந்தக் கழிமுகத்தின் இடக்கரை மெதோக். சென் எஸ்தெஃப், பொயாக், சென் ஜூலியான், மார்கோ ஆகிய பேர்பெற்ற ஊர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கூழாங்கல் நிறைந்த மண், தண்ணீர் தேங்காது. அந்த மண்ணுக்குப் பொருந்தி வந்தது கபர்னே சாவின்யோன் என்ற திராட்சை. சின்னப் பழம், தடித்த தோல். சாற்றோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம். இந்த ஒயின் பல பத்தாண்டுகள் தாங்குவதற்கான முதல் காரணமே அதுதான்.

1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மெதோக்கின் பண்ணைகளை ஐந்து வகுப்புகளாகத் தரம் பிரித்தார்கள். அன்றைய சந்தை விலைதான் அளவுகோல். அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான ஒரே பெரிய மாற்றம், 1973இல் பொயாக்கின் மூத்தோன் ரோத்சில்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியது. பண்ணையின் பெயரைப் பார்த்தவுடன் தலை சுற்றிப்போவதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம். சுவைக்க உட்காரும்போது அதை மறந்துவிடுவது நல்லது.

அறுவடை ஆண்டு ஏன் முக்கியம்? மெதோக்கில் கபர்னே பழுப்பது செப்டம்பர் கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில். அந்த வாரங்களில் மழையா வெயிலா என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். 1996 இடக்கரைக் கபர்னேவுக்கு நல்ல ஆண்டு. நன்றாகப் பழுத்தது, புளிப்பும் குறையவில்லை.

துவர்ப்பு: எல்லாம் தொடங்கும் இடம்

பால் சேர்க்காத கட்டன் டீயை நீண்ட நேரம் கொதிக்கவிட்டுக் குடித்துப் பாருங்கள். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்ததுபோல் வறண்டுவிடும். அதில் கொஞ்சம் பால் ஊற்றினால் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். இந்தச் சாதாரண விஷயத்துக்குள் முதிர்ந்த ஒயினின் பாதிக் கதை இருக்கிறது.

டீயில் அந்த வேலையைச் செய்யும் பொருள்களும் ஒயினில் செய்பவையும் ஒரே குடும்பம். அவற்றுக்கு டானின் என்று பெயர். செடிகள் தோலிலும் விதையிலும் காம்பிலும் சேர்த்து வைக்கும் துவர்ப்புப் பொருள் அது. நம் எச்சிலில் உள்ள புரதங்கள்தான் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரள வைத்துவிடுகிறது. வழுவழுப்பு போய்விடுவதால் வாய் சொரசொரக்கிறது. பால் ஊற்றினால் டானின் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் எச்சிலை விட்டுவிடுகிறது. ஆகவே ஒயினைப் பொறுத்தவரை துவர்ப்பை நாக்கின் சுவையாகப் பார்ப்பதைவிடத் தொடு உணர்ச்சியாகப் பார்ப்பது எளிது. கரடுமுரடா, நைஸா, ஈறில் பிடிக்கிறதா, கன்னத்தில் பிடிக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும்.

புதிதாகச் செய்த பொயாக் ஒயின் அந்தக் கட்டன் டீயைவிட மோசமாக வாயைப் பிடிக்கும். 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை, இரண்டு வருடம் வைத்துப் பாட்டிலில் அடைத்த பின்னும் முரட்டுத்தனம் போகாது. பாட்டிலுக்குள்தான் மெதுவான வேலை நடக்கிறது. திராட்சைத் தோலில் சிவப்பும் ஊதாவும் தரும் நிறப்பொருள் ஒன்று இருக்கிறது, ஆந்தோசயனின் என்பார்கள். டானினும் ஆந்தோசயனினும் ஒன்றோடொன்று பிணைந்து புதிய, நிலையான நிறப்பொருள்களாகின்றன. சில பிணைப்புகள் பெரிதாகிக் கரைய முடியாமல் அடியில் படிகின்றன. அந்தப் படிவுதான் வண்டல். டானின் வளர்ந்து வளர்ந்து கீழே விழுவதால்தான் ஒயின் மென்மையாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஒயினின் புளிப்பான சூழலில் டானின் உடையவும் செய்கிறது, உடைந்த துண்டுகள் வேறுவிதமாகச் சேரவும் செய்கின்றன. எப்படியானாலும் முடிவு ஒன்றே: வாயைப் பிடித்த பிடி தளர்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது புளிப்பு பெரிதாக மாறுவதில்லை. பழச்சுவை மட்டும் வருடா வருடம் குறைகிறது. துவர்ப்பு தளர்வதும் பழம் தேய்வதும் ஒரே காலத்தில் நடக்கும் இரண்டு ஓட்டங்கள். பழம் தீர்வதற்கு முன் துவர்ப்பு தளர்ந்துவிட்டால் நல்ல முதிர்ந்த ஒயின். துவர்ப்பு அப்படியே இருக்கப் பழம் முந்திக்கொண்டு தீர்ந்துவிட்டால், எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. போர்தோவின் 1975 அறுவடையைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். பல பாட்டில்களில் முரட்டு டானின் பழத்தைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டது. 1982 அதற்கு எதிர். இளமையிலேயே பழம் ததும்ப இருந்தது, நல்ல பண்ணைகளில் நீண்டும் நின்றது.

சுருக்கமாக இதுவரை: துவர்ப்பு ஒரு தொடு உணர்ச்சி. காலம் அதைத் தளர்த்தும், பழத்தைக் குறைக்கும், புளிப்பை அவ்வளவாகத் தொடாது. முதிர்ச்சி என்பது இந்த மூன்றும் சமனாக இருக்கும் காலம்.

திறப்பதற்கு முன்

முப்பது வயதுக்கு அருகில் இருக்கும் பாட்டிலைக் கையில் வாங்கியதும் விவரம் தெரிந்தவர்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன் மட்டத்தைப் பார்ப்பார்கள். தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் ஆவியாகும். போர்தோ பாட்டிலுக்கு நேரான கழுத்தும் தெளிவான தோளும் இருப்பதால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எளிதில் தெரியும். இந்த வயதில் மட்டம் கழுத்தின் அடியில் நின்றால் சந்தோஷப்படலாம். தோளின் மேல்பகுதியில் இருந்தாலும் பரவாயில்லை. தோளின் நடுவுக்கு இறங்கிவிட்டால் உள்ளே நிறையக் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஏலங்களில் விலை மளமளவென்று குறைவதற்கு அது போதும்.

மட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சேமிப்பு. 12, 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஓரளவு ஈரப்பதம், படுக்க வைத்த பாட்டில், அதிர்வில்லாத இடம். ஒரே பண்ணையின் ஒரே பெட்டியில் இருந்த இரண்டு பாட்டில்கள்கூட இந்த வயதில் வேறு வேறாக இருக்கும். பெரிய பழைய ஒயின் என்று எதுவும் இல்லை, பெரிய பழைய பாட்டில்தான் உண்டு என்று வியாபாரிகள் சொல்வது இதனால்தான்.

குடிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். வண்டல் கீழே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி. "அறை வெப்பநிலையில் குடிக்கவும்" என்ற பழைய அறிவுரை குளிர்ந்த ஐரோப்பியக் கல்வீடுகளை மனதில் வைத்துச் சொன்னது. சென்னை அறையின் 31 டிகிரியில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், வேறொன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது பாவமில்லை.

தக்கையும் மெழுகுவத்தியும்

பழைய தக்கை பொடிந்துபோகும். திருகாணியைக் குத்தித் திருகினால் நடுவில் ஓட்டை விழுந்து, ஓரங்கள் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கென்றே இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள ஒரு கருவி இருக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தகடு, எதிர்ப்பக்கம் இன்னொன்று என்று முன்னும் பின்னும் அசைத்து இறக்கி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். தக்கை முழுசாக வரும். அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக நனைந்து, மேல்பக்கம் காய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கமாக மேல்வரைக்கும் ஒயின் ஏறிய கறை இருந்தால் கசிந்திருக்கிறது.

அடுத்தது வண்டலைப் பிரிப்பது. ஒரு கண்ணாடிக் குடுவையில், அதாவது டிகான்டரில், தெளிந்த ஒயினை மட்டும் ஊற்றிக்கொள்வார்கள். பாட்டிலின் தோளுக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ இருக்கும். ஊற்றுகிறவர் குடுவையைப் பார்க்கமாட்டார். கண் பாட்டிலின் தோளிலேயே இருக்கும். ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் ஒயின் பின்னால் அலையடித்து வண்டல் முழுக்கக் கலங்கிவிடும். கடைசியில் வெளிச்சத்தில் ஒரு மெல்லிய புகைபோன்ற கோடு தோள் நோக்கி நகர்ந்து வரும். அதுதான் வண்டல். அது கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுவார்கள். மிஞ்சும் இரண்டு விரல்கடை கலங்கலைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, கசப்பும் மணல்போன்ற நறநறப்பும்தான் வரும்.

எவ்வளவு முன்கூட்டி ஊற்றி வைப்பது என்பதில்தான் சண்டை. ஒயின் "மூச்சு விட" வேண்டும் என்று மணிக்கணக்கில் திறந்து வைப்பார்கள். இளம் ஒயினுக்கு அது சில சமயம் உதவலாம். போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பேனோ இதை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டல் இருந்தால் மட்டும் பிரித்து ஊற்றுங்கள், அதையும் பரிமாறும் நேரத்தில் செய்யுங்கள் என்பது அவர் நிலை. முதிர்ந்த ஒயின் விஷயத்தில் நான் பேனோவின் கட்சி. இத்தனை வருடம் காற்றே படாமல் இருந்த மெல்லிய மணங்கள் குடுவையிலேயே கலைந்துபோனால் திரும்பி வராது. மாறாக, ஊற்றியதும் மூடிக்கொண்டிருக்கும் ஒயின் கிளாஸிலேயே அரை மணி நேரத்தில் விரிந்துவிடும்.

கண்ணால்

மேல்பக்கம் குறுகும் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். நடுவைவிட விளிம்பைப் பாருங்கள். இளம் கபர்னேயில் விளிம்புவரை ஊதாச் சிவப்பு. வயதாக ஆக விளிம்பில் முதலில் மாதுளை நிறம், பிறகு செங்கல் நிறம், கடைசியில் பழுப்பு. ஆந்தோசயனின் தனியாக இருக்கும்போது ஊதா காட்டும், டானினோடு பிணைந்தபின் செம்பழுப்புக்குப் போகும். நிறமும் சிவப்பு ஒயினில் வருடா வருடம் வெளுத்துக்கொண்டே போகும். 1996 பொயாக்கின் நடுவில் இன்னும் அடர்த்தியான மாதுளைச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் இருந்தால் வயதுக்கு ஏற்ற தோற்றம். நடுவும் பழுப்பாகி, பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்தால் காற்றுபட்டுக் கெட்டிருக்கலாம்.

கிளாஸின் உட்சுவரில் கண்ணீர்போல இறங்கும் கோடுகளைக் காட்டி "எவ்வளவு தரமான ஒயின் பாருங்கள்" என்பார்கள். அது ஆல்கஹால் ஆவியாகும் வேகத்தால் வருவது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூக்கால்

மதிப்பீட்டில் பெரும்பங்கு மூக்குக்குத்தான். முதலில் கிளாஸை ஆட்டாமல் முகர வேண்டும், அப்புறம் மெதுவாகச் சுழற்றி முகர வேண்டும். மணங்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். திராட்சையிலிருந்தே வருவது முதல் அடுக்கு: கபர்னேயில் பிளாக்கரன்ட் போன்ற கருநிறச் சிறு பழங்கள், சில சமயம் பச்சைக் குடைமிளகாய். நொதித்தலிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் வருவது இரண்டாவது: வனிலா, வறுத்த வாசம். பாட்டிலில் கிடந்த வருடங்கள் தருவது மூன்றாவது: புகையிலை, தோல்பொருள், பென்சில் சீவும்போது வரும் மர வாசம், மழைக்காட்டில் மக்கிய இலை, காளான், உலர்ந்த பழம். யாரும் எதையும் சேர்ப்பதில்லை. பழைய சேர்மங்கள் வேதிமாற்றம் அடைந்து இந்த மணங்களைத் தருகின்றன. பொயாக்குக்கு அந்தப் பென்சில் சீவல் வாசம் ஒரு முகவரி மாதிரி.

மூன்றாம் அடுக்கு மட்டும் இருந்து முதல் அடுக்கே இல்லையென்றால் ஒயின் இறங்குமுகத்தில் இருக்கிறது. மக்கிய இலைக்கு அடியில் ஏதோ ஒரு மூலையில் பழம் தெரிகிறதா என்று தேடுவதுதான் இங்கே முக்கியம்.

கோளாறுகள் தனி. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது தக்கைக் கோளாறு. டிசிஏ என்று சுருக்கிச் சொல்லும் ஒரு சேர்மம் மிக மிக நுண்ணிய அளவிலேயே பழ மணத்தை அழுத்திவிடும். காத்திருந்தால் அது போகாது. நகப்பூச்சு, காடி வாசம் ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியாக்களின் வேலை. குதிரைலாய வாசம் பிரெட்டனோமைசெஸ் என்ற ஈஸ்ட்டால் வருவது. அது லேசாக இருந்தால் ரசிக்கிறவர்கள் உண்டு, மிஞ்சினால் எல்லா ஒயினும் ஒரே மாதிரி நாறும். திறந்ததும் வரும் ஒருவித மூடிய, புழுக்கமான வாசத்தை மட்டும் அவசரப்பட்டுக் கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் பெரும்பாலும் கலைந்துவிடும்.

மூக்கை நம்பலாம், ஆனால் கண் அதை ஏமாற்றும். ஜில் மொரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பேர்போனது. போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். ஒயின் வர்ணனை எல்லாம் பொய் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: மூளை கண்ணை முதலில் கேட்கிறது. நிறத்துக்கே இப்படி என்றால் பேர்பெற்ற பண்ணையின் லேபிளுக்கு எவ்வளவு சக்தி இருக்கும்? அதனால்தான் பாட்டிலைத் துணியால் மூடிவைத்துச் சுவைக்கும் வழக்கம்.

வாயால்

ஒரு சிறிய வாய் எடுத்து, உதடுகளைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், கூச்சப்பட வேண்டாம். வாயிலிருந்து மணம் தொண்டைவழியாக மூக்குக்குப் போக அது உதவுகிறது. பிறகு ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் வறண்டால் டானின். தொண்டையில் சூடு ஆல்கஹால். நடுவில் நிறைவாக இருப்பது பழம். எது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது? நன்றாக முதிர்ந்த பாட்டிலில் எதுவும் துருத்தாது. டானின் இருக்கும், ஆனால் நைஸான துணியைத் தொட்டதுபோல. இறங்கிப்போன பாட்டிலில் பழம் காலியாகி, புளிப்பு மட்டும் எலும்பாகத் தெரியும்.

விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ மணம் எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்பது அடுத்த கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஓர் அலகே வைத்திருக்கிறார்கள்: ஒரு கோதலி என்றால் ஒரு விநாடி. இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ண வேண்டியது மணம் நிற்கும் நேரத்தை. மணம் போய்விட்டு வறட்சியும் சூடும் மட்டும் மிஞ்சினால் அவை கணக்கில் சேராது. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

திரும்பப் பார்த்தால்: விளிம்பு வயதைச் சொல்கிறது, மூக்கு பழம் மிச்சம் இருக்கிறதா என்கிறது, வாய் சமநிலையையும் நீளத்தையும் சொல்கிறது.

தீர்ப்பு எழுதுவது

எழுதும்போது மூன்று கேள்விகள் போதும். ஒயின் ஆரோக்கியமாக இருக்கிறதா? ஏறுமுகமா, உச்சமா, இறக்கமா? இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்? கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல வழி, கிளாஸை ஒரு மணி நேரம் விட்டுத் திரும்பத் திரும்ப முகர்வது. நேரம் குறித்து எழுதுங்கள். ஊற்றியதைவிட ஒரு மணி நேரம் கழித்து மணம் கூடியிருந்தால் பாட்டிலில் இன்னும் சக்தி இருக்கிறது. இருபது நிமிடத்தில் சரிந்து, சோயா சாஸ் மாதிரி ஆகிவிட்டால் அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற பாட்டில்களைச் சீக்கிரம் திறந்துவிடலாம்.

100க்கு 95, 20க்கு 18 என்ற மதிப்பெண்களை இங்கே சற்றுத் தள்ளியே வையுங்கள். பெரும்பாலான மதிப்பெண்கள் ஒயின் இளமையில், சில சமயம் பீப்பாயில் இருக்கும்போதே, கொடுக்கப்பட்டவை. அது ஒரு கணிப்பு. இன்றைய பாட்டிலின் உடல்நிலை அதில் தெரியாது.

கூடச் சாப்பிடுவதற்கு எளிமையானது போதும். பொயாக்கிலேயே வளரும் ஆட்டுக்குட்டிக் கறியை வாட்டிப் பரிமாறுவது அங்கே வழக்கம். நம் மிளகாய்க் காரத்தோடு இது சேராது. காரம் ஆல்கஹாலின் சூட்டையும் டானினின் வறட்சியையும் தூக்கிக் காட்டும், மெல்லிய மணங்களை மூடிவிடும்.

சரி, நம் வீட்டு பாட்டில்?

யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பிரெஞ்சு சிவப்பு ஒயின் அலமாரியின் மேல்தட்டில் பத்து வருடமாக நிற்கிறது, இப்போது மதிப்பு ஏறியிருக்குமா என்று பலர் கேட்பதுண்டு. அநேகமாக இல்லை. விமான நிலையக் கடையில் கிடைக்கும் சாதாரண ஒயின் இளமையிலேயே குடிக்கச் செய்தது. அதோடு 30 டிகிரிக்கு மேல் பல கோடைகளைத் தாண்டியிருக்கிறது. வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், நிமிர்ந்தே நின்றதால் தக்கையும் காய்ந்திருக்கும். தக்கையை மூடியிருக்கும் உறையின் மேல்பகுதி புடைத்திருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் கசிந்திருக்கிறது. இல்லாவிட்டாலும் திறந்துவிடுங்கள். வேகவைத்த பிளம்ஸ் போன்ற மணமும் தட்டையான சுவையும் வந்தால் வெந்துபோன ஒயின். ஆட்டுக்கறி வேகும் பாத்திரத்தில் ஒரு கப் ஊற்றலாம், அதுவும் காடி வாசம் இல்லாவிட்டால்.